தறி மேல் பழி போடும் முன்: குடல் அழற்சி நோய் – நெசவாளர் வீட்டுக்கு 30 பயனுள்ள குறிப்புகள்

ஆரணி, ஒண்ணுபுரம், தேவிகாபுரம், முள்ளிப்பட்டு பக்கம் நெசவாளர் வீடுகளில் எந்த உபாதைக்கும் காரணம் கையிலேயே இருக்கும். முதுகு நோவுதா, குழித்தறி. கண் சிவந்ததா, ஜரிகை. முழங்கால் வீங்கியதா, மிதிக்கட்டை. வாய்ப்புண்ணா, உடம்புச் சூடு. ஆள் இளைத்துப் போனாரா, முகூர்த்த சீசன் வேலை. பல நேரம் அது உண்மைதான். ஆனால் இவற்றில் இரண்டு மூன்று ஒரே ஆளிடம் சேர்ந்து, கூடவே வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கும் இருந்தால் தறியை விட்டுவிட்டுக் குடலைப் பார்க்க வேண்டும்.

டாக்டர்கள் ஐ.பி.டி. என்று சொல்லும் குடல் அழற்சி நோயில் முக்கியமாக இரண்டு வகை. பெருங்குடலின் உள்தோலில் புண்ணாவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது, குடல் சுவரின் முழுக் கனத்தையும் பாதிப்பது குரோன் நோய். இரண்டிலும் நோய் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறிக் குடலைத் தாக்குகிறது. தாக்கும் செல்கள் ரத்தத்தோடு சுற்றுவதால் மூட்டு, கண், தோல், ஈரல் எதையும் அது பாதிக்கலாம். இது வெளிநாட்டுக்காரர் நோய் என்ற நினைப்பும் சரியல்ல. பஞ்சாபின் லூதியானாவில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், லட்சம் பேரில் 44 பேருக்குக் கொலைட்டிஸ் இருந்தது. சுவிட்சர்லாந்து நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஆய்வு இன்னொன்று சொன்னது: குடலுக்கு வெளியே தொந்தரவு வந்தவர்களில் நான்கில் ஒரு பங்கினருக்கு, குடல் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே அது தலைகாட்டிவிட்டது.

அடையாளம் காண

1. வயிற்றைக் கவனியுங்கள். நான்கு வாரம் தாண்டிய வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம் அல்லது சளி, நடுராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் போக்கு, காரணமில்லாத எடைக்குறைவு ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போகலாம். பதற்றத்தில் வயிறு கலக்கும் ஐ.பி.எஸ். வேறு. அதில் ரத்தம் போகாது, எடை குறையாது, ரத்தசோகை வராது.

2. ரத்தம் என்றாலே மூலம் என்று முடிவு கட்டாதீர்கள். மூலத்தில் பெரும்பாலும் மலம் கழித்த பிறகு சுத்தமான சிவப்பு ரத்தம் சொட்டும். மலத்தோடு கலந்து, சளியோடு, அடிக்கடி அவசரமாக வந்தால் அது பெருங்குடல் புண்ணாக இருக்கலாம். பவுத்திரம் அறுத்தும் திரும்பத் திரும்ப வருகிறதா? குரோன் நோயின் முதல் அடையாளமே சிலருக்கு அதுதான். "ஒரே ஊசியில் மூலம் குணம்" என்ற போர்டைப் பார்த்து உள்ளே நுழையும் முன், பெருங்குடலுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனாஸ்கோப்பி தேவையா என்று அரசு மருத்துவமனையில் கேட்டுவிடுங்கள்.

3. ஒரு நோட்டுப் போடுங்கள். முதலாளியிடம் பட்டு, ஜரிகை வாங்கியதற்கும் புடவை கொடுத்ததற்கும் பற்று வரவு எழுதும் பழக்கம் இருக்கிறதே, அதே மாதிரி இதற்கும் ஒன்று. தேதி, எத்தனை தடவை போனது, ரத்தம் உண்டா, மூட்டு, கண், தோல், வாய், காய்ச்சல், சாப்பிட்ட மருந்து: தினமும் ஒரே வரி. தோலில் கட்டியோ கண்ணில் சிவப்போ வந்தால் உடனே செல்போனில் படம் எடுத்து வையுங்கள். டாக்டரைப் பார்க்கும் நாளில் அது மறைந்திருக்கும், படம் இருக்கும்.

முதுகும் மூட்டும்

4. முதுகுவலியைப் பிரித்துப் பார்க்க வீட்டிலேயே வழி உண்டு. தறியால் வரும் வலி வேலை செய்யச் செய்ய ஏறும், படுத்தால் இறங்கும். அழற்சியால் வரும் வலி தலைகீழ்: விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு எழுப்பிவிடும், காலையில் அரை மணிக்கு மேல் முதுகு கட்டை மாதிரி இறுகும், நடமாடினால் தளரும். நாற்பது வயதுக்குள் தொடங்கி மூன்று மாதம் தாண்டியும் இப்படியே இருந்தால் இடுப்பு எலும்பு மூட்டு, முதுகெலும்பு அழற்சியா என்று பார்க்கச் சொல்லுங்கள். "தறியில உக்காந்தா முதுகு நோவாம என்ன பண்ணும்" என்ற பேச்சில் வருடங்கள் ஓடிவிடும். பிறகு எலும்புகள் ஒட்டிக்கொண்டால் குனிவதே கஷ்டம்.

5. மூட்டு வீக்கம் இரண்டு விதம். முழங்கால், கணுக்கால் போன்ற பெரிய மூட்டுகளில் ஒன்றிரண்டு மட்டும் திடீரென வீங்குவது பெரும்பாலும் குடலோடு சேர்ந்தே நடக்கும். குடல் அடங்கினால் அதுவும் சில வாரங்களில் அடங்கும். விரல்களின் சின்ன மூட்டுகள் பலவற்றில் வருவது குடல் அமைதியாக இருக்கும்போதும் மாதக்கணக்கில் நீடிக்கும். பாவு புணைக்கும், தார் சுற்றும் பெண்களுக்கு இது பிழைப்பையே தொடும் விஷயம். காலையில் மோதிரம் கழலவில்லை, இழை பிடிக்க விரல் மடங்கவில்லை என்றால் நோட்டில் எழுதுங்கள்.

6. மெடிக்கல் கடையில் "செட் மாத்திரை" வாங்காதீர்கள். காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் அந்த மூன்று நான்கு மாத்திரையில் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாதிரியான வலி மாத்திரை இருக்கலாம், ஸ்டீராய்டும் இருக்கலாம். முன்னது அடங்கிய குடல் புண்ணைக் கிளப்பிவிடக்கூடியது. பின்னது நோயை மூடி மறைத்து, எலும்பைத் தின்னும். அவசரத்துக்குப் பாரசிட்டமால் போதும். ஊசி போட வரும் எவரிடமும் "எனக்குக் குடல் புண் இருக்கு" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

7. தறியில் உட்காரும் முறையை மாற்றுங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை குழியிலிருந்து எழுந்து, முதுகைப் பின்னால் வளைத்து, பத்து அடி நடக்க வேண்டும். அழற்சி முதுகுவலிக்கு ஓய்வைவிட அசைவே மருந்து. காலையில் தறிக்குப் போகும் முன் பத்து நிமிடம் உடம்பை நீட்டி வளைத்தால் இறுக்கம் சீக்கிரம் விடும்.

கண், தோல், வாய்

8. மெட்ராஸ் ஐயா, வேறா? மெட்ராஸ் ஐயில் கண் உறுத்தும், பீளை கட்டும், அக்கம்பக்கத்துக்கும் பரவும். ஐ.பி.டி.யில் வெள்ளை விழியின் மேலடுக்கு மட்டும் சிவந்து லேசாக எரிவது ஒரு வகை. இது குடல் அடங்கினால் அடங்கிவிடும். இன்னொரு வகை ஆபத்தானது: பீளை இருக்காது, ஆழமாக வலிக்கும், வெளிச்சம் பட்டால் கூசும், பார்வை மங்கும். கருவிழிக்கு உள்ளே அழற்சி என்று பொருள். அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும், தள்ளிப்போட்டால் பார்வையே குறையலாம். ஜரிகை இழை தெரியவில்லை, விளக்கைப் பார்க்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், லைட்டை மாற்றுவதோடு நிற்காதீர்கள்.

9. பழைய கண் சொட்டு மருந்தை மறுபடி விடாதீர்கள். சிவப்பைக் குறைக்கும் சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். கண் டாக்டர் அளவு சொல்லித் தந்தால் அது கண்ணைக் காக்கும். தானாக மாதக்கணக்கில் விட்டால் கண் நீர் அழுத்தமும் புரையும் வரும்.

10. முழங்காலுக்குக் கீழே சிவந்த கட்டிகள். முன்னங்காலில் ஒன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை, தொட்டால் சூடாக, வலியோடு கட்டிகள் எழும்பி, சில நாளில் அடிபட்ட கன்றல் போல நிறம் மாறும். மிதிக்கட்டை இடித்தது என்றே எல்லோரும் நினைப்பார்கள். இடித்திருந்தால் ஒரு காலில், ஓர் இடத்தில் இருக்கும். இரண்டு காலிலும் பல கட்டிகள், கூடவே வயிறு சரியில்லை என்றால் குடலைப் பார்க்க வேண்டும். காசநோயிலும் இதே கட்டி வரும் என்பதால் அதையும் சேர்த்தே பரிசோதிப்பார்கள். இது தழும்பில்லாமல் ஆறும். உடைக்கவோ கீறவோ வேண்டாம்.

11. வேகமாகப் பெருகும் புண்ணில் கத்தி வைக்கும் முன் யோசிக்க வேண்டும். சின்னக் கொப்புளமாகத் தொடங்கி, சில நாளில் ஊதா நிற விளிம்போடு ஆழமான புண்ணாக விரியும் அரிய வகை ஒன்று ஐ.பி.டி.யில் உண்டு. சீழ் என்று நினைத்து அறுத்துச் சுத்தம் செய்தால் அது இன்னும் பெரிதாகும். நெசவாளிக்குச் சர்க்கரையும் இருந்தால் "சுகர் புண்" என்று அறுக்க அனுப்புவது சுலபம். "இவருக்குக் குடல் அழற்சி நோய் இருக்கு, தோல் டாக்டர் ஒருமுறை பார்க்கட்டும்" என்று வீட்டார் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் காலைக் காப்பாற்றலாம்.

12. வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி நல்லதுதான். கீரை கூட்டு வையுங்கள், தேங்காய்ப்பால் கொடுங்கள். ஆனால் மாதாமாதம் வாய்ப்புண் வருகிறது, நாக்கு வழவழவென்று சிவந்து எரிகிறது என்றால் சூட்டை மட்டும் சொல்லி விடாதீர்கள். குடல் நோய், இரும்பு, பி12, ஃபோலிக் அமிலக் குறைவு எல்லாம் சிலருக்கு வாயில்தான் முதலில் தெரியும்.

ரத்தம், எலும்பு, உள்ளுறுப்புகள்

13. களைப்பை எண்ணாக்கிப் பாருங்கள். ஹீமோகுளோபின் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. குடல் கெட்டால் ரத்தம் கெடும் என்பதை இந்தச் சீமை ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1960களில் ஆரணியும் சேர்ந்திருந்த பழைய வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில், சத்தை உறிஞ்ச முடியாமல் குடல் நின்றுபோகும் ஸ்ப்ரூ என்ற நோய் கூட்டம் கூட்டமாக வந்தது. வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர்கள் எஸ்.ஜே. பேக்கரும் வி.ஐ. மத்தானும் அதை ஆராய்ந்து 1968இல் எழுதினார்கள். அது வேறு நோய். ஆனால் நீண்ட வயிற்றுப்போக்கு இருப்பவரின் நாக்கையும் ரத்தத்தையும் பார் என்ற பாடம் இதற்கும் பொருந்தும்.

14. இரும்பு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? குடல் புண் கிளம்பியிருக்கும்போது மாத்திரை வயிற்றை இன்னும் கலக்கும், சரியாக ஏறவும் ஏறாது. அப்போது நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்றுவார்கள். கேளுங்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டவருக்கும் அதை வெட்டி எடுத்தவருக்கும் பி12 ஏறாது. கால் மரத்துப் போவதைத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டதால் என்று விட்டுவிடாமல் பி12 அளவு பாருங்கள். தேவைப்பட்டால் ஊசிதான்.

15. எலும்புக்குக் கூழும் வெயிலும். அழற்சி ஒரு பக்கம், ஸ்டீராய்டு மறுபக்கம் எலும்பைக் கரைக்கும். தறிவீட்டின் நிழலிலேயே நாள் முழுக்க இருப்பவருக்கு வைட்டமின் டி குறைவு வேறு. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. வயிறு அடங்கியிருக்கும் நாட்களில் கூழ் நல்ல துணை. மதியத்துக்கு முன்னும் பின்னும் கை கால் தெரிய இருபது நிமிடம் வெயிலில் நடங்கள். ஸ்டீராய்டு மூன்று மாதம் தாண்டினால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

16. உடம்பெல்லாம் அரிப்பு, கண் மஞ்சள். கொலைட்டிஸ் உள்ள நூறு பேரில் சிலருக்குப் பித்தக் குழாய்கள் அழற்சியால் சுருங்கும். முதலில் களைப்பும் அரிப்பும்தான் தெரியும், மஞ்சள் பிறகு வரும். கீழாநெல்லி அரைத்துக் குடித்துப் பத்தியம் இருப்பதால் இது நின்றுவிடாது. ரத்தத்தில் ஈரல் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டும். இந்தப் பாதிப்பு உறுதியானவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு கூடுதல். வருடம் ஒருமுறை கொலோனாஸ்கோப்பி செய்துகொள்வது நல்லது.

17. கல் சேராமல் தண்ணீர். தறியை விட்டு அடிக்கடி எழக்கூடாது என்று தண்ணீரைக் குறைப்பவர்கள் பலர். குரோன் நோய் சிறுகுடலைப் பிடித்திருந்தால், கொழுப்பு சரியாகச் செரிக்காமல் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். தனித்துப்போன ஆக்சலேட் ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தில் கல்லாகும். தறிக்குப் பக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டில் வைத்து மதியத்துக்குள் காலி செய்யுங்கள். பாலக் கீரையையும் கறுப்புத் தேநீரையும் குறையுங்கள். கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள். பித்தப்பைக் கல்லும் இவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே வலித்தால் சொல்லுங்கள்.

18. ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே போங்கள். ஐ.பி.டி. உள்ளவருக்கு ரத்தம் உறையும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு மூன்று மடங்கு. நோய் கிளம்பியிருக்கும்போது இன்னும் அதிகம். ஆடுசதை வீங்கி, சூடாகி, வலித்தால் எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள். கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் 108.

19. பிள்ளையின் உயரத்தைக் கதவில் குறியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு கோடு, பக்கத்தில் தேதி. வயிற்றுவலி என்று அடிக்கடி பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளை வளராமல் நின்றாலோ, வயதுக்கு வருவது தாமதமானாலோ, அது குரோன் நோயின் ஒரே அடையாளமாகக்கூட இருக்கலாம். "எங்க வம்சமே குட்டைதான்" என்று சொல்லும் முன் குழந்தை டாக்டரிடம் அந்தக் கோடுகளின் படத்தைக் காட்டுங்கள்.

அடுப்படியில்

20. பழைய சோறு விஷயம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் குடல் அறுவை சிகிச்சைத் துறை, பழைய சோறு குடல் அழற்சி நோயாளிகளுக்கு எப்படி உதவும் என்று அரசு நிதியோடு ஆய்வில் இறங்கியது. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அவை உண்டாக்கும் அமிலங்கள் பெருங்குடல் தோலுக்குத் தீனி. களம்பூர் அரிசிச் சோற்றில் கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி, மூடி வைத்து, மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர் அதற்கு மேல் வைத்த சோற்றைத் தொட வேண்டாம். இது உணவுதான். இதைச் சாப்பிடுகிறேன் என்று மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும்.

21. நோய் கிளம்பிய நாட்களில் சமையல். குழைந்த சோறு, பாசிப்பருப்பு, இட்லி, அவித்த முட்டை, தோல் நீக்கிய உருளை, கேரட், வெந்த மீன். பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் மோர் கொடுத்துப் பாருங்கள். குடல் சுருங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னவருக்கு வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, மக்காச்சோளம், கொய்யா விதை வேண்டாம். அடைத்துக்கொள்ளும். இந்த நோய்க்கு எல்லோருக்கும் பொதுவான பத்தியம் கிடையாது. நோட்டைப் பார்த்து, ஒத்துக்கொள்ளாததை மட்டும் தள்ளுங்கள். பயந்து பயந்து எல்லாவற்றையும் நிறுத்தினால் சத்துக்குறைவுதான் மிஞ்சும். ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாளுக்கு விரதம் இருப்பவர்களும் மாத்திரை வேளையைத் தவற விட வேண்டாம். பாலோ பழமோ எடுத்துக்கொண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

22. உப்புச் சர்க்கரைக் கரைசல். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு எப்போதும் அலமாரியில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு. குளிர்பானமும் வெறும் தண்ணீரும் இதற்கு ஈடாகாது.

மருந்து அலமாரியில்

23. காசநோயை முதலில் விலக்க வேண்டும். குடல் காசநோயும் குரோன் நோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நம் நாட்டில் டாக்டர்களுக்கே பெரிய சிக்கல் இது. கொலோனாஸ்கோப்பியில் எடுத்த சதையை வைத்து இரண்டையும் பிரிப்பது பற்றி வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் 1999இல் ஒரு முக்கிய ஆய்வு வெளியிட்டார்கள். காசநோய் இருக்கும்போது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுத்தால் காசநோய் உடம்பெங்கும் பரவக்கூடும். வீட்டில் யாருக்காவது எப்போதாவது காசநோய் இருந்திருந்தால், வெட்கப்படாமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

24. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தாதீர்கள். பிரட்னிசலோன் நல்லா வேலை செய்கிறது என்று தொடர்வதும் தப்பு, முகம் வீங்குகிறது என்று ஒரே நாளில் விடுவதும் தப்பு. சில வாரம் சாப்பிட்ட பிறகு சட்டென்று விட்டால் மயக்கம், ரத்த அழுத்த வீழ்ச்சி வரலாம். படிப்படியாகக் குறைக்கும் கணக்கை டாக்டரிடம் எழுதி வாங்கிச் சமையலறைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

25. ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு பரிசோதனை. சல்ஃபாசலசின் மாத்திரையை ஸ்வீடன் டாக்டர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டு நோய்க்காகக் கொண்டுவந்தார், 1942இல் அது குடலுக்கும் உதவுவதை எழுதினார். இன்றைக்கும் மூட்டும் குடலும் சேர்ந்து கெட்டவருக்கு அது கைகொடுக்கிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஃபோலிக் அமிலம் கூடவே சாப்பிடுங்கள். மெசலமைன் சாப்பிட்டால் வருடம் ஒருமுறையாவது சிறுநீரகப் பரிசோதனை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் அசத்தயோப்ரின் தொடங்கினால் முதல் மாதங்களில் அடிக்கடி ரத்த அணு எண்ணிக்கை. இந்தியரில் சிலருக்குப் பிறவியிலேயே அந்த மருந்தைத் தாங்கும் சக்தி குறைவு. தொடங்கிய சில வாரத்தில் முடி கொத்தாகக் கொட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

26. ஊசி மருந்தும் தடுப்பூசியும். அடாலிமுமாப் போன்ற ஊசியைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் வீண். வீட்டில் குளிர்பெட்டி இல்லையென்றால், வாங்கும் மருந்துக்கடையிலேயே வைத்துப் போடும் நாளில் வாங்கிக்கொள்ள முடியுமா என்று பேசுங்கள். இந்த மருந்துகள் தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையும் தேவையான தடுப்பூசிகளும் முடித்துவிடுங்கள். பிறகு உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் போடக் கூடாது.

27. பீடியை விடுங்கள். புகை குரோன் நோயை மோசமாக்கும், அறுவை சிகிச்சை வரை இழுத்துப் போகும். தறிக்கு நடுவில் "ஒரு தம்" இருந்த இடத்தில் முக்கால் மணி நடையை வையுங்கள்.

வீட்டாருக்கு

28. கல்யாணம், பிள்ளைப்பேறு. நோய் அடங்கி மூன்று முதல் ஆறு மாதம் ஆன பிறகு கருத்தரித்தால் பெரும்பாலும் பிரசவம் சுகமாகவே நடக்கும். பயந்துபோய் எல்லா மாத்திரையையும் நிறுத்தினால் நோய் கிளம்பித்தான் குழந்தைக்கு ஆபத்து. ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தைக் கருத்தரிப்பதற்கு மாதங்கள் முன்பே நிறுத்தியாக வேண்டும். சல்ஃபாசலசின் ஆணின் விந்தணுவைக் குறைக்கும், மருந்தை மாற்றினால் சரியாகிவிடும். பிள்ளை தாமதமானால் அதற்காக மருமகளைக் குறை சொல்லாதீர்கள். கர்ப்பத்தில் இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசி எடுத்தவரின் குழந்தைக்குப் பிறந்ததும் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியைக் குறைந்தது ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். பிரசவ வார்டிலேயே இதைச் சொல்லுங்கள்.

29. களைப்பைச் சோம்பேறித்தனம் என்று சொல்லாதீர்கள். அழற்சி, ரத்தசோகை, தூக்கக் கேடு மூன்றும் சேர்ந்த களைப்பு அது. புடவை முடிந்தால்தான் கூலி என்ற தொழிலில், வாங்கிய முன்பணம் தலைக்கு மேல் நிற்கும்போது மனசும் சேர்ந்து உடையும். நோய் கிளம்பிய வாரத்தில் வீட்டில் வேறொருவர் தறியில் உட்கார முடியுமா என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். மனச்சோர்வுக்கு 14416 என்ற அரசு எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம். செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. எந்தச் சிகிச்சை இதில் சேரும் என்பதை ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக் கவுன்டரில் முதலிலேயே கேளுங்கள். ஆரணி அரசு மருத்துவமனையில் தொடங்கி, தேவைப்பட்டால் அடுக்கம்பாறை, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கோ, ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் இருக்கும் வேலூர் சி.எம்.சி.க்கோ போகலாம். பயணத்துக்கு மாற்றுத் துணி, ஓ.ஆர்.எஸ்., நோட்டு மூன்றும் பையில் இருக்கட்டும்.

30. இந்தப் பட்டியலை எழுதித் தறிவீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி: கண் ஆழமாக வலித்துப் பார்வை மங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கினால், மூச்சுத் திணறினால், ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் ரத்தத்தோடு போய்க் காய்ச்சலும் அடித்தால், வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றுப் பிரியாமல் நின்றால், அசத்தயோப்ரின், ஊசி மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளானால். அந்த வாரத்துக்குள் டாக்டர்: காலையில் இறுகும் முதுகு, வீங்கிய மூட்டு, முன்னங்கால் கட்டி, பெருகும் புண், விடாத வாய்ப்புண். எந்த டாக்டரிடம் போனாலும், முதுகுக்கோ கண்ணுக்கோ என்று போனாலும், முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "இத்தோட வயித்துப்போக்கும் இருக்குதுங்க."